வெளிநாட்டுச் சம்பளத்தோடு துபாயில் குடியேற எந்த ரெசிடென்சி?

கேள்வி இதுதான்: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு துபாயில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்க விரும்புகிறார். வேலை மாறாது, சம்பளம் இந்தியாவிலிருந்தே வரும். விர்ச்சுவல் விசா, ஃப்ரீலான்ஸ் பெர்மிட், கிரீன் விசா, சொந்தக் கம்பெனி ஆகிய நான்கில் எது சரி என்று கேட்கிறார்.

விசாவைத் தேடுவதற்கு முன் மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். உங்களுக்குப் பணம் தருவது யார், அது சம்பளமாக வருகிறதா பில்லுக்கு வருகிறதா, எந்த நாட்டு வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. இதற்கு விடை இருந்தால் விசா ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். விசாவை முதலில் எடுத்துவிட்டு இந்தக் கேள்விகளைப் பிறகு பார்ப்பவர்கள்தான் வங்கியிலும் இந்திய வருமான வரியிலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்களைப் போல ஒரே நிறுவனத்தின் சம்பளக்காரர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது விர்ச்சுவல் ஒர்க் ரெசிடென்சி. துபாய் இதை 2020 அக்டோபரில் தொடங்கியபோது மாதம் 5,000 டாலர் வருமானம் கேட்டார்கள். 2021 மார்ச்சில் அமீரக அமைச்சரவை நாடு முழுமைக்கும் ஒப்புதல் தந்தது. 2022 அக்டோபர் 3 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நுழைவு, குடியிருப்பு விதிகளில் இது நிரந்தரமாக இடம்பெற்றது. இப்போதைய வரம்பு மாதம் 3,500 டாலர் அல்லது அதற்கு ஈடான வேறு நாணயம். டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று நிலையாகக் கட்டி வைத்திருப்பதால் இது 12,854 திர்ஹம் ஆகிறது. ரூபாயில் ஏறக்குறைய மூன்று லட்சம். ஓராண்டுக்குத் தருவார்கள், அதே நிபந்தனைகள் இருந்தால் புதுப்பிக்கலாம். ஸ்பான்சர் என்று யாரும் தேவையில்லை, நீங்களே உங்களுக்கு ஸ்பான்சர். துபாயில் விண்ணப்பிக்க அதன் குடியிருப்புத் துறையான ஜி.டி.ஆர்.எஃப்.ஏ., மற்ற ஆறு எமிரேட்டுகளுக்கு மத்திய ஆணையமான ஐ.சி.பி.

கேட்கும் தாள்கள் அதிகமில்லை. ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அமீரகத்துக்கு வெளியே இருக்கும் நிறுவனத்தில் வேலை என்பதற்கும் அதைத் தொலைவிலிருந்து செய்யலாம் என்பதற்கும் சான்று, கடைசி மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய சில மாத வங்கிக் கணக்கு விவரம், அமீரகத்தில் செல்லும் மருத்துவக் காப்பீடு. பட்டச் சான்றிதழ் இந்த வழிக்குத் தேவையில்லை. விசா என்றதும் டிகிரி அட்டஸ்டேஷனுக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டிவிடுகிறார்கள். இந்த விசாவுக்காக மட்டும் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

நிராகரிப்பு வருவது பெரும்பாலும் சம்பளக் கணக்கிலும் நிறுவனக் கடிதத்திலும்தான். நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவான சி.டி.சி. நாற்பது லட்சம் என்று சந்தோஷப்பட வேண்டாம். அதில் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, ஆண்டு போனஸ் எல்லாம் அடங்கியிருக்கும். பி.எஃப்., டி.டி.எஸ். பிடித்தபின் கணக்கில் விழுவது 2.4 லட்சம் என்றால், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது அந்த 2.4 லட்சம்தான். சீட்டில் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டியிருந்தும் வங்கியில் விழும் தொகை தாண்டவில்லை என்றால், கடிதத்தில் மாத மொத்தச் சம்பளம், பிடித்தங்கள், நிகரத் தொகை மூன்றையும் டாலர் மதிப்போடு தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வரம்பை ஒட்டி நூறு இருநூறு டாலர் வித்தியாசத்தில் நிற்பவர்கள் விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது. ரூபாய் சற்று இறங்கினாலும் புதுப்பிக்கும்போது தகுதி போய்விடும்.

கடிதத்தில் ‘ஒர்க் ஃப்ரம் ஹோம் ஊழியர்’ என்று மட்டும் இருந்தால் போதாது. பதவி, சேர்ந்த தேதி, வேலை ஒப்பந்தம் இன்னும் ஓராண்டாவது நீடிக்கும் என்ற வரி, அமீரகத்திலிருந்து வேலை செய்ய நிறுவனம் சம்மதிக்கிறது என்ற வரி, கையொப்பமிடுபவரின் பதவி, நிறுவன முத்திரை, இவ்வளவும் ஆங்கிலத்தில் வேண்டும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் எழுத்து மாறாமல் அப்படியே கடிதத்திலும் வர வேண்டும்.

அந்த ‘அமீரகத்திலிருந்து’ என்ற வரியை உங்கள் மனிதவளத் துறை எளிதில் தராது. அவர்களுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் ‘இந்தியாவுக்கு வெளியே தரவுகளைத் திறக்கக் கூடாது’ என்று இருக்கலாம். நீங்கள் அங்கே உட்கார்ந்து ஒப்பந்தங்களை முடித்தால், நிறுவனத்துக்கு அமீரகத்தில் நிரந்தர அலுவலகம் இருப்பதாகக் கருதப்பட்டு அங்கே நிறுவன வரி கேள்வி எழலாம். கோட் எழுதுபவருக்கு இந்த ஆபத்து குறைவு. விற்பனைப் பொறுப்பில் இருந்து கையெழுத்துப் போடுபவருக்கு அதிகம். மேலாளரின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பி டிக்கெட் போடாதீர்கள். சொல்லாமல் போய் கம்பெனி லேப்டாப்பைத் திறந்தால் முதல் நாளே ஐ.பி. முகவரி காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த விசாவில் அமீரகத்தில் இருக்கும் எந்த நிறுவனத்துக்கும் வேலை செய்யக் கூடாது. பகுதி நேரமாகவோ, தெரிந்தவருக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்துக் காசு வாங்குவதோ கூட அனுமதிக்கு வெளியே போய்விடும்.

விண்ணப்பிக்கும் முன் பாஸ்போர்ட்டில் பெயரைப் பாருங்கள்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக, கிவன் நேமில் ஒரே ஒரு சொல் இருக்கும். 2022 நவம்பர் 21 முதல் இப்படி ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு புதிதாக விசா எடுத்து வருபவர்களை அமீரகம் அனுமதிப்பதில்லை. விமான நிறுவனமே செக்-இன்னில் நிறுத்திவிடும். கிவன் நேமிலேயே இரண்டு சொற்கள் இருந்தால், அதாவது உங்கள் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருந்தால், சிக்கல் இல்லை. ஒரே சொல் என்றால் பாஸ்போர்ட் சேவா மையத்தில் ரீ-இஷ்யூ போட்டு அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமாகச் சேர்த்துவிடுங்கள். மனைவி, மகள் பாஸ்போர்ட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டில்தான் ஒற்றைப் பெயர் அதிகம். பெயர் மாற்றிய பிறகே மற்ற எல்லாத் தாள்களையும் தயார் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை வாங்குவீர்கள்.

சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரித்த பெயர் என்றிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் ஒத்துழைத்தால் இன்னொரு வழி

சம்பளக்காரர்கள் பலர் கேள்விப்படாத வழி இது: எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட். அமீரகத்தில் உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் உங்களைத் தன் ஊழியராகச் சேர்த்து, வேலை விசா எடுத்து, திர்ஹத்தில் சம்பளம் போட்டு, அந்தச் செலவையும் தன் கட்டணத்தையும் உங்கள் கோவை நிறுவனத்திடம் பில் போட்டு வாங்கிக்கொள்ளும். உங்களுக்கு இரண்டாண்டு ரெசிடென்சி, உள்ளூர்ச் சம்பளச் சீட்டு, முறையான தொழிலாளர் ஒப்பந்தம் கிடைக்கும். ஓராண்டுக்கு மேல் இருந்தால் கிராஜுவிட்டியும் உண்டு: முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். வங்கிக் கணக்கு, வாடகை, கார் கடன் எல்லாம் இதில் சுலபம், ஏனென்றால் அங்குள்ள வங்கிகள் பார்த்துப் பழகியது இந்த வகைச் சம்பளத்தைத்தான். இந்திய வரிக் கோணத்திலும் இதுவே சுத்தமானது. கட்டணம் நிறுவனத்தின் தலையில் விழும் என்பதுதான் தடை. மாதக் கட்டணத்தை உங்கள் சம்பள உயர்விலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லியாவது பேசிப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுத் திட்டம் என்றால் என் முதல் தேர்வு இதுதான்.

பில் போட்டுச் சம்பாதிப்பவர்களுக்கு

உங்கள் நிறுவனம் ‘ஊழியராக அனுப்ப முடியாது, கன்சல்டண்டாக மாறிக்கொள்’ என்று சொல்லக்கூடும். அப்போது கதை மாறுகிறது. பல வாடிக்கையாளர்களிடம் பில் போடுபவருக்கு விர்ச்சுவல் விசா சரியாகப் பொருந்தாது. ஊழியர் அல்லாதவர்கள் அதில் வர, வெளிநாட்டில் சொந்த நிறுவனம் ஓராண்டாவது நடத்தியதற்கான சான்று கேட்பார்கள். தனிநபராக பில் போட்டவரிடம் அது இருக்காது.

அவர்களுக்கு ஃப்ரீ சோன், அதாவது தனி விதிகள் கொண்ட தொழில் மண்டலம், தரும் ஃப்ரீலான்ஸ் பெர்மிட் இருக்கிறது. துபாயில் மீடியா சிட்டி, இன்டர்நெட் சிட்டி வட்டாரத்துக்கான கோ ஃப்ரீலான்ஸ் திட்டத்தில் மீடியா, தொழில்நுட்பம், கல்வி, வடிவமைப்பு ஆகிய துறைகளுக்குத் தருகிறார்கள். பெர்மிட் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 7,500 திர்ஹம். அதற்கு மேல் எஸ்டாப்ளிஷ்மென்ட் கார்டு (விசா எடுக்கத் தேவையான பதிவு அட்டை), விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, காப்பீடு என்று தனித்தனியாகச் சேரும். ஷார்ஜாவிலும் ராஸ் அல் கைமாவிலும் இருக்கும் ஃப்ரீ சோன்கள் இதைவிட மலிவாக விளம்பரம் செய்வார்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ‘விசா இல்லாத’ விலை. பணம் கட்டும் முன் ஐந்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: விசாவுக்கான இடம் விலையில் உண்டா, எஸ்டாப்ளிஷ்மென்ட் கார்டு உண்டா, திருப்பித் தரும் டெபாசிட் எவ்வளவு, நாட்டுக்குள் இருந்தபடியே ஸ்டேட்டஸ் மாற்றினால் கூடுதல் எவ்வளவு, இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க எவ்வளவு. கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சுற்றி வளைத்து வரும்.

கிரீன் விசா ஐந்தாண்டு. ஸ்பான்சர் வேண்டாம், விசா முடிந்தபின் கிளம்ப ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. சுயதொழில் பிரிவில் தொழிலாளர் அமைச்சகமான மோஹ்ரேயின் ஃப்ரீலான்ஸ் பெர்மிட், இளங்கலைப் பட்டம் அல்லது சிறப்பு டிப்ளமோ, முந்தைய இரண்டு ஆண்டுகளில் சுயதொழில் வருமானம் ஆண்டுக்கு 3,60,000 திர்ஹம் அல்லது தங்கும் காலம் முழுக்கத் தாக்குப்பிடிக்கும் பணவசதிக்கான சான்று கேட்பார்கள். திறன் ஊழியர் பிரிவில் 15,000 திர்ஹம் சம்பளமும் அமீரகத்தில் செல்லும் வேலை ஒப்பந்தமும் வேண்டும். கோவை நிறுவனத்தின் ஒப்பந்தம் அதற்கு ஆகாது. நேற்றுவரை சம்பளக்காரராக இருந்தவரிடம் சுயதொழில் வருமானக் கணக்கும் இருக்காது. ஆகவே இப்போதைக்கு இரண்டு கதவும் உங்களுக்கு மூடியிருக்கின்றன. 20 லட்சம் திர்ஹத்துக்கு வீடு வாங்கினால் பத்தாண்டு கோல்டன் விசா உண்டு. இந்தக் கேள்விக்கு அது தேவைப்படாது.

சொந்தமாக ஃப்ரீ சோன் கம்பெனி திறக்கச் சொல்லி ஏஜெண்டுகள் வற்புறுத்துவார்கள். வரியை வைத்துப் பாருங்கள். 2023 ஜூன் 1 முதல் அமீரகத்தில் நிறுவன வரி உண்டு. 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். தனிநபராக ஃப்ரீலான்ஸ் பெர்மிட்டில் இருப்பவர், ஒரு காலண்டர் ஆண்டில் தொழில் வரவு 10 லட்சம் திர்ஹத்தைத் தாண்டினால்தான் இந்த வரிக்குள்ளேயே வருகிறார். சம்பளத்துக்கு வரி கிடையாது. கம்பெனி என்று ஆகிவிட்டால் வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் வரிப் பதிவு கட்டாயம். கெடுவுக்குள் பதியாவிட்டால் 10,000 திர்ஹம் அபராதம். ‘ஃப்ரீ சோன் என்றால் வரி பூஜ்யம்’ என்பதும் பாதி உண்மைதான். அந்தப் பூஜ்யம் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும். மென்பொருள் கன்சல்டிங் அந்தப் பட்டியலில் இல்லை. வரவு 30 லட்சம் திர்ஹத்துக்குள் இருந்தால் கிடைக்கும் சிறுதொழில் சலுகையும் 2026 டிசம்பர் 31-க்குள் முடியும் வரிக் காலங்களோடு நிற்கிறது. ஒருவருக்காக மட்டும் கம்பெனி திறப்பது பெரும்பாலும் வீண் பாரம். பெர்மிட் போதும்.

நுழைந்தபின் நடப்பவை

நுழைவு அனுமதித் தாளில் இரண்டு கெடு இருக்கும்: எத்தனை நாளுக்குள் நாட்டுக்குள் வர வேண்டும், வந்தபின் எத்தனை நாளுக்குள் ரெசிடென்சியை முடிக்க வேண்டும். இரண்டையும் குறித்துவைத்து வேலையைத் தொடங்குங்கள். கெடு தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் ஃபைன். முதலில் மெடிக்கல். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும். மகளுக்கு இது இல்லை. நம்மவர்களில் சிலர் எக்ஸ்ரேயில் தடங்குகிறார்கள், காரணம் சிறு வயதில் வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு. தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனை உள்ளிட்ட மேல் சோதனைக்கு அனுப்புவார்கள், வாரக்கணக்கில் இழுக்கும், புதிதாக வருபவருக்கு அனுமதியே மறுக்கப்படவும் கூடும். அப்படி ஒரு வரலாறு இருந்தால் ஊரிலேயே எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, விவரம் தெரிந்தபின் மற்றதைத் தீர்மானியுங்கள். வீட்டைக் காலி செய்து, பள்ளியில் டி.சி. வாங்கியபின் இதைக் கண்டுபிடிப்பது பெரும் துயரம்.

பிறகு கைரேகை, பிறகு எமிரேட்ஸ் ஐடி. 2022 ஏப்ரலிலிருந்து பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. அந்த அட்டைதான் ரெசிடென்சிக்குச் சான்று. இவற்றை விசா வேலைகளுக்கான சேவை மையமான ஆமர் சென்டரிலோ, படிவம் நிரப்பித் தரும் டைப்பிங் சென்டரிலோ கொடுத்து முடிக்கலாம். படிவத்தில் பெயரின் அரபு எழுத்தையும் பிறந்த தேதியையும் பணம் கட்டும் முன் சரிபாருங்கள்.

ரெசிடென்சி கிடைத்தபின் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் அது செல்லாமல் போய்விடும். காரணம் காட்டி, வெளியே இருந்த ஒவ்வொரு 30 நாளுக்கும் 100 திர்ஹம் கட்டி மீண்டும் நுழைய அனுமதி கேட்கலாம்; கிடைக்கும் என்று உறுதி இல்லை.

மனைவி, மகள்

உங்கள் ரெசிடென்சி முடிந்தபின் அவர்களுக்கு நீங்கள் ஸ்பான்சர் செய்கிறீர்கள். இங்கேதான் அட்டஸ்டேஷன் வேண்டும்: திருமணச் சான்றிதழுக்கும் மகளின் பிறப்புச் சான்றிதழுக்கும். ஒரே முத்திரையில் தாளை ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லை, ஆகவே அப்போஸ்டில் முத்திரை மட்டும் வாங்கி வந்தால் செல்லாது. வரிசை இப்படி: மாநில அரசின் சான்றொப்பம், இந்திய வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகமான மோஃபா. மோஃபா கட்டணம் ஒரு தாளுக்கு 150 திர்ஹம். முதல் மூன்றையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். துபாயிலிருந்து கூரியரில் திருப்பி அனுப்பிச் செய்தால் ஒரு மாதம் போய்விடும். கோயிலிலோ மண்டபத்திலோ தந்த திருமணச் சான்று இதற்கு ஆகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதிவு கட்டாயம்தான் என்றாலும் பதியாமலே விட்டவர்கள் நிறையப் பேர். ஒவ்வொருவருக்கும் தனிக் காப்பீடு வேண்டும். மகளின் டி.சி.யையும் சேரப்போகும் பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்லும் அட்டஸ்டேஷனோடு கொண்டுபோங்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அங்கேயும் ஏப்ரலில்தான் ஆண்டைத் தொடங்குகின்றன. நடுவில் இடம் கிடைப்பது கடினம்.

இந்திய வரி: கிளம்பும் தேதியை இதுதான் முடிவு செய்ய வேண்டும்

துபாயில் சம்பளத்துக்கு வரி இல்லை என்பதால் இந்தியாவிலும் இல்லை என்று ஆகாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், யார் ‘ரெசிடென்ட்’ என்ற கணக்கு அடிப்படையில் பழையதுதான்.

வேலைக்காக இந்தியாவை விட்டுக் கிளம்பும் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் என்.ஆர்.ஐ. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-ஆம் தேதி 181-ஆவது நாள். கிளம்பும் நாளையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணுவார்கள் என்று வைத்துக்கொண்டு, செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறிவிடுங்கள். டிசம்பரில் கிளம்பினால் அந்த ஆண்டு முழுக்க ரெசிடென்ட். துபாயில் இருந்து சம்பாதித்த டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வருமானத்துக்கும் இந்தியாவில் முழு வரி. ‘வேலைக்காக’ என்பதில் வெளிநாட்டில் செய்யும் சுயதொழிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அதே இந்திய நிறுவனத்தில், அதே வேலையில் தொடரும் உங்களிடம் அதிகாரி கேள்வி கேட்கலாம். ‘இந்தத் தேதியிலிருந்து இவருடைய பணியிடம் துபாய்’ என்று நிறுவனம் தரும் கடிதம்தான் அப்போது கைகொடுக்கும். விசாவுக்கு வாங்கும் கடிதத்தோடு இதையும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்தது, சம்பளம் விழும் கணக்கு. என்.ஆர்.ஐ. ஒருவர் இந்தியாவுக்கு வெளியே செய்த வேலைக்கான சம்பளம் இந்தியாவில் ஈட்டியது அல்ல. ஆனால் அது முதலில் இந்தியக் கணக்கில் வந்து விழுந்தால், ‘இந்தியாவில் பெறப்பட்ட வருமானம்’ என்ற விதியில் வரிக்கு உட்படும். கோவை நிறுவனம் கோவை வங்கியில் ரூபாயாகப் போட்டால் நிலைமை இதுதான். துபாய்க் கணக்குக்கு நேராக அனுப்ப முடியுமா என்று சம்பளப் பிரிவிடம் கேளுங்கள்; அங்கே பெற்று, பிறகு வேண்டியதை ஊருக்கு அனுப்பினால் அந்தச் சிக்கல் எழாது.

முடியாது என்று சொன்னால் மிஞ்சுவது இந்தியா-அமீரக இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம். ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் அமீரகத்தில் இருந்தவர் அந்த நாட்டு வதிவாளர். அவர் அங்கே செய்த வேலைக்கான சம்பளத்துக்கு வரி கேட்கும் உரிமை அந்த நாட்டுக்கே என்பது அதன் சாரம். இதற்கு அமீரக ஃபெடரல் டேக்ஸ் அத்தாரிட்டியிடம் எமாராடேக்ஸ் தளம் வழியாக வரி வதிவிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். உள்நாட்டுச் சான்றிதழுக்கு 90 நாள் இருந்தாலே போதும் என்று ஒரு பிரிவு உண்டு. அதை நம்பாதீர்கள், இந்திய ஒப்பந்தத்துக்கு 183 நாள் வேண்டும். செப்டம்பரில் போனவருக்கு அந்தக் காலண்டர் ஆண்டில் 183 நாள் தேறாது என்பதையும் கவனியுங்கள். ஆகவே முதல் சில மாதச் சம்பளத்துக்கு இந்தக் கவசம் கிடைக்காது. சான்றிதழ் கையில் வரும்வரை நிறுவனம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டேதான் இருக்கும், ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் கேட்க வேண்டும். அதற்கு ஐ.டி.ஆர்.-1 செல்லாது, என்.ஆர்.ஐ. சம்பளக்காரர் ஐ.டி.ஆர்.-2.

இரண்டாம் ஆண்டிலிருந்து ஊருக்கு வந்து போகும் நாட்களை எண்ணுங்கள். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவருக்கு வரம்பு 182 அல்ல, 120 நாள். இந்தியக் கணக்கில் விழும் சம்பளமும் இந்த 15 லட்சத்துக்குள் எண்ணப்படும் ஆபத்து உண்டு. ஃப்ரீலான்சர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: இந்தியாவில் அமைத்த தொழிலின் வருமானம் வெளிநாட்டு வருமானம் என்ற விலக்குக்குள் வராது. பழைய ஜி.எஸ்.டி. எண்ணிலேயே பில் போட்டுக்கொண்டு துபாயில் இருந்தால் தொழில் இந்தியாவில்தான் இருக்கிறது என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள்.

சாதாரண சேமிப்புக் கணக்கை, என்.ஆர்.ஐ.யின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறப்பதைக் கிளம்பிய உடனே செய்யுங்கள்.

வங்கி, வீடு, இன்டர்நெட்

விர்ச்சுவல் விசாக்காரருக்கு வங்கிக் கணக்குதான் பொறுமையைச் சோதிக்கும். உள்ளூர்ச் சம்பளம் இல்லை என்றதும் சில கிளைகள் திருப்பி அனுப்பும். எமிரேட்ஸ் ஐடி, நிறுவனக் கடிதம், ஆறு மாதக் கணக்கு விவரம், வீட்டு ஒப்பந்தம் இவற்றோடு போனால் வாய்ப்பு கூடும். செக் புத்தகம் தரும் கணக்கா என்று முதலிலேயே கேளுங்கள். துபாயில் ஆண்டு வாடகையை ஒன்று, இரண்டு அல்லது நான்கு செக்குகளாகத் தேதி போட்டு முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். செக் இல்லாதவர் முழு ஆண்டு வாடகையை ஒரேயடியாகக் கட்ட வேண்டி வரலாம். அதனால் முதல் இரண்டு மாதத்துக்கு மாத வாடகை ஃபர்னிஷ்டு இடம் எடுத்து, ஐடியும் கணக்கும் வந்தபின் வீடு பார்ப்பது நல்லது. வாடகை தவிர, பொருட்கள் இல்லாத வீட்டுக்கு 5 சதவீதம் அட்வான்ஸ், புரோக்கருக்குப் பெரும்பாலும் 5 சதவீதம், அபார்ட்மென்டுக்கு தேவா மின்-நீர் டெபாசிட் 2,000 திர்ஹம், எஜாரி எனும் வாடகை ஒப்பந்தப் பதிவு. தேவா பில்லிலேயே ஆண்டு வாடகையின் 5 சதவீதத்தை மாதாமாதம் பிரித்து வீட்டுக் கட்டணமாகச் சேர்ப்பார்கள். பட்ஜெட்டில் பலர் விடுவது இதைத்தான். 3,500 டாலர் என்பது விசாவுக்கான வரம்பு மட்டுமே. வாடகையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்தால் மூவர் குடும்பம் அந்தத் தொகையில் திணறும். ஷார்ஜாவில் வீடு எடுத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

வாட்ஸ்அப் அழைப்பு அங்கே வேலை செய்யாது. ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் ஓடும். நிறுவனத்தின் வி.பி.என். வழியாக அலுவலக சர்வருக்குப் போவதில் தவறில்லை. ஐ.பி. முகவரியை மறைத்து ஒரு குற்றத்தைச் செய்தாலோ மறைத்தாலோ 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தில் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், சிறையும் உண்டு. இலவச வி.பி.என். ஆப்களைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

திரும்பி வரும் நாள் வந்தால் முதலில் மனைவி, மகள் விசாக்களை கேன்சல் செய்து, பிறகு உங்களுடையது. அதற்கும் முன்னால் வாடகை செக்குகளைத் திரும்பப் பெற்று, தேவா டெபாசிட்டை வாங்கி, எஜாரியை ரத்து செய்து, கிரெடிட் கார்டை மூடி ‘பாக்கி இல்லை’ என்ற கடிதம் வாங்குங்கள். வரி வதிவிடச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் அதையும் எமிரேட்ஸ் ஐடி உயிரோடு இருக்கும்போதே முடியுங்கள்.